மேனேஜர் பெட்டியைக் கடிக்கும் நேரம்

ஜனவரி 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மகன் வயிற்றுப் பேரன், எங்கள் பெரியவன், கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. போன இரண்டும் தெரியாமல் போனதல்ல, நேரம் போதாமல் போனது. அவன் தங்கை நீச்சலில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்த பெண் இவளைவிட ஒரு சாண் உயரம், அதையும் யோசிக்க வேண்டும். என் தங்கையின் பேரன் விமான என்ஜின் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்துவிட்டான். இப்போதெல்லாம் மேலே விமானம் போனால் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறேன். நம் வீட்டுப் பையன் முடுக்கிய திருகாணியாக இருக்கலாம் இல்லையா. கடைசியாக நம் இருவருக்கும் பேத்தியான சிட்டு. புதுப் பள்ளியில் சேர்ந்து மூன்றே மாதத்தில் வாசிப்புப் போட்டியில் பரிசு வாங்கினாளாம். பரிசு உங்கள் ஊரில் வாங்கியதுதான். எழுத்துக் கூட்டிப் படித்தது இங்கே இருந்தபோது என்பதையும் ஓரமாகச் சொல்லி வைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் நம் இரண்டு பேருக்குமே வாய் நீண்டுவிடும். தவிர, என் மகள் போனை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துத்தான் பேசுகிறாள். சிட்டு பக்கத்திலேயே நிற்கிறாள். நான் சொல்லப்போவது அவள் காதில் விழக் கூடாது. அதனால்தான் கடிதம். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் என் கையெழுத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அக்டோபரில் உங்கள் மகனையும் என் மகளையும் குழந்தையையும் அழைத்துப்போக நீங்கள் வந்தீர்கள். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. முயல் கூண்டு மட்டும் வாசலில் இருந்தது. நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். அதன் மூத்திரப் பெட்டியின் ஓரம் முழுக்க எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. "ஒண்ணுக்குப் போற பெட்டியையே தின்னுற ஜந்து என் வீட்டுக் கதவை விட்டு வைக்குமா?" என்றீர்கள். "உங்க வீட்டுக் கதவு என்ன தங்கத்துல செஞ்சதா?" என்று நான் கேட்டேன். அதோடு நமக்குள் பேச்சு நின்றது. ஆனால் குழந்தை அழுத அழுகையில், வண்டி கிளம்பும்போது நீங்கள் ஜன்னலிலிருந்து ஒன்று சொன்னீர்கள். "பெட்டியைக் கடிக்கிறதை நிறுத்தட்டும், அன்னைக்கே கொண்டு வரலாம்." தெருவே கேட்டது.

அந்த வார்த்தையை நான் பிடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் சிட்டு என்னிடம் "சாப்பிட்டியா பாட்டி" என்று கேட்பதற்கு முன்னால் "மேனேஜர் சாப்பிட்டாரா" என்றுதான் கேட்கிறாள். (மேனேஜர் என்பது முயல். காலையில் ஒவ்வொரு அறையாகப் போய் மோந்து பார்த்துவிட்டு வருவதால் அவள் வைத்த பெயர்.) பத்து நாளில் நிறுத்திக் காட்டுகிறேன். நீங்கள் அங்கே இடத்தை ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
சிட்டு "தையல் பாட்டி" என்று கூப்பிடும் உங்கள் சம்பந்தி


ஜனவரி 14

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளைகளுக்கு என் வாழ்த்து.

ஜன்னலிலிருந்து சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். ஆனால் "நின்றுவிட்டது" என்று நீங்கள் எழுதினால் மட்டும் போதாது. முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவள் நான். நோயாளி "நல்லா இருக்கேன்" என்று சொன்னதும் கட்டிலைக் காலி செய்ய விட்டதில்லை. எனக்கு சார்ட் வேண்டும். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, எவ்வளவு நேரம் கடித்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்குப் பின்னால் என்ன நடந்தது. தொடர்ந்து பதினான்கு நாள் கடிக்காமல் இருந்தால் முயல் வரலாம்.

கடித்த பிளாஸ்டிக்கைத் துப்புகிறதா, விழுங்குகிறதா? புழுக்கை ஒழுங்காகப் போடுகிறதா? இதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும், நீச்சலில் ஜெயித்த பெண்ணின் உயரத்தை அல்ல.

கதவு தேக்கு. தங்கம் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தபோது லீவு நாட்களில் தானே இழைத்துச் செய்தது. அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சிட்டு தன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலிச் செருப்புப் பெட்டி வைத்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெருக்கும்போது நகர்த்துகிறேன். பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் வைத்துவிடுகிறேன்.

சிஸ்டர் பாட்டி


ஜனவரி 23

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கதவு அவர் கையால் செய்தது என்று தெரிந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்காது. அதற்கு மேல் நீட்டி எழுத எனக்கு வராது, நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

சார்ட் எல்லாம் எதற்கு? அதற்கென்ன டைபாய்டா? கட்டம் போட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வைத்தியத்தைப் பார்க்கலாம். நான் பார்த்துவிட்டேன்.

முதலில் பெட்டி ஓரத்தில் எலுமிச்சம்பழச் சாறு தடவினேன். மேனேஜர் சுற்றி வந்து நக்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்த்தார். அடுத்து மிளகாய்ப் பொடியைக் குழைத்துத் தடவினேன். பெட்டியைக் கடிப்பதை விட்டார். பெட்டிக்குப் போவதையே விட்டுவிட்டார். என் மகன் ஆபீசுக்குப் போட்டுப்போகும் ஷூவில் ஏறி உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டார்.

"அம்மா, ஷூ ஏம்மா ஈரமா இருக்கு?"

"மழை பெஞ்சுதுப்பா."

"வீட்டுக்குள்ளயா?"

மருமகள் திரும்பி நின்று சிரித்தாள். அவள் பேங்கில் வேலை பார்ப்பவள், சிரிப்பைக்கூட அளந்துதான் சிரிப்பாள். அன்று தோள் குலுங்கியது.

மூன்றாவதாகச் செய்ததுதான் சரியான வைத்தியம். உங்களுக்குத் தெரியும், நான் இருபத்திரண்டு வருடம் தையற்கடையில் காஜா எடுத்தவள். என் கையால் துளை தைத்த சட்டையில் பொத்தான் தெறிக்கலாம், துளை பிரியாது. பெரியவனுடைய பழைய ஜீன்ஸை வெட்டி, பெட்டியின் நாலு ஓரத்துக்கும் உறை தைத்துவிட்டேன். உள்ளே இரட்டை மடிப்பு, வெளியே நீல நூலில் நெருக்கமான தையல், ஓரம் முழுக்க மடித்த துணியில் சுற்றுப்பட்டி. கடையில் விற்கிற பொருள் மாதிரி இருக்கிறது. இரண்டு நாளாகப் பிளாஸ்டிக் பக்கமே அவர் போகவில்லை.

விழுங்குகிறாரா துப்புகிறாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க முடியாது. புழுக்கை நன்றாகப் போடுகிறார். உருண்டை உருண்டையாக, பார்க்கவே லட்சணமாக இருக்கிறது.

தையல் பாட்டி


ஜனவரி 29
விரைவுத் தபால்

சம்பந்தியம்மா,

இதற்கு மேல் படிக்காமல் எழுந்து போய் அந்த உறையைக் கழற்றிவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

கழற்றியாயிற்றா? பிளாஸ்டிக் பக்கம் போகவில்லை என்றால் துணியைத் தின்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக்கைவிட நூல் மோசம். குடலில் போய்ச் சுருண்டுகொள்ளும். போர்வை நூலைப் பிரித்துத் தின்ற நாலு வயதுக் குழந்தை ஒன்று என் வார்டில் பதினோரு நாள் கிடந்தது. உங்கள் தையல் அழகாகத்தான் இருக்கும், எனக்குச் சந்தேகமில்லை. கழற்றிவிடுங்கள். மிளகாயும் வேண்டாம்.

புழுக்கை நின்றால் கடிதம் எழுதாதீர்கள். போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும்.

சிஸ்டர் பாட்டி


பிப்ரவரி 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்களுக்கு எல்லாம் தெரியும், பாதியை நீங்கள் போனிலேயே நடத்தினீர்கள். இருந்தாலும் எழுதிவிட்டால்தான் எனக்கு மனசு ஆறும்.

உங்கள் தபால் வந்தது வியாழக்கிழமை. மேனேஜர் புதன்கிழமை சாயங்காலமே கொத்தமல்லியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் பெட்டி காலி, ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் தபால்காரர் மணியடித்தார். நீங்கள் சொன்ன மாதிரி முதல் வரியோடு எழுந்து போனேன். சுற்றுப்பட்டி ஒரு பக்கம் முழுக்கக் காணவில்லை. என் தையல் பிரியாது என்று உங்களுக்கு எழுதினேனே, பிரித்திருக்கிறார் பாருங்கள்.

வீட்டில் யாரும் இல்லை. நம் சண்டைக்குப் பிறகு நானாகப் போனை எடுத்து உங்களுக்கு அடித்தது அன்றுதான். நான் என்ன சொன்னேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"அழாதீங்க. வயித்தைத் தொட்டுப் பாருங்க. கல்லு மாதிரியா, மாவு மாதிரியா?"

"மாவு மாதிரிதான், கெட்டி மாவு."

"நேரம் இருக்கு. துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. போனை வைக்காதீங்க, நான் லைன்லயே இருக்கேன்."

வண்டியில் போகும்போது நான் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை. உங்கள் வீட்டுக் கடிகாரம் அடிப்பது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

விலங்கு டாக்டர் சின்னப் பெண். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, வாயோரம் ஒட்டியிருந்ததை எடுத்துக் காட்டினாள்.

"இது என்ன பாட்டி, நூலு?"

"நாப்பதாம் நம்பர்மா. கெட்டி நூல். அறுக்கவே முடியாது."

"அதாங்க பாட்டி பிரச்சனையே."

இரண்டு நாள் ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தும் அரைத்த தீனியும் கொடுத்தோம். மணிக்கொரு தரம் வயிற்றைத் தடவிக்கொடுத்தேன். சனிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தால் பதினொரு புழுக்கை. எண்ணினேன். கடைசி மூன்றும் என் நீல நூலில் மாலை மாதிரி கோத்து வந்திருந்தன. உங்களுக்குப் போனில் சொன்னதும் "அப்பாடா" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"நான் அப்பவே சொன்னேனே" என்று நீங்கள் ஒரு தரமாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் நாலு தரம் சொல்லியிருப்பேன். சிட்டுவிடமும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை அவள் பேசியதிலேயே தெரிந்தது.

முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், காய்ந்த புல் நிறைய வேண்டுமாம், கடிக்கப் பச்சைக் குச்சி போட வேண்டுமாம். டாக்டர் சொன்னதை எல்லாம் போட்டாயிற்று. உடம்பு தேறிய மூன்றாம் நாளே மறுபடி பெட்டியைக் கடிக்கிறார். திங்கட்கிழமை முதல் காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டிருக்கிறேன். பத்து நாளானதும் அனுப்புகிறேன்.

தையல் பாட்டி


பிப்ரவரி 21

சம்பந்தியம்மாவுக்கு,

சார்ட் கிடைத்தது. கட்டங்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கின்றன. தாளின் ஒரு மூலையில் கேரட் கறை, இன்னொரு மூலையில் பல் தடம். நோயாளியே கையெழுத்துப் போட்ட சார்ட்டை இப்போதுதான் பார்க்கிறேன்.

பத்து நாளில் பத்தொன்பது தடவை கடித்திருக்கிறது. நேரத்தைப் பாருங்கள். காலை எட்டே முக்கால், பதினொன்று, மதியம் மூன்று. இந்த மூன்றைச் சுற்றித்தான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. "எல்லாரும் வீட்டில்" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற நாட்களில் "முன்னால் என்ன நடந்தது" என்ற கட்டத்தில் "ஒன்றும் நடக்கவில்லை, வீடு அமைதி, நான் முன்னறையில்." இப்போது கடைசிக் கட்டத்துக்கு வருவோம். பதினேழு இடத்தில் "நான் போனேன், திட்டினேன், கொத்தமல்லி கொடுத்தேன்." மீதி இரண்டில் "நான் போனேன், திட்டினேன், கொத்தமல்லி இல்லை, கேரட் கொடுத்தேன்."

சம்பந்தியம்மா, உங்கள் முயல் பெட்டியைத் தின்னவில்லை. மணி அடிக்கிறது.

என் வார்டில் ஏழாம் நம்பர் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். ரிட்டயர் ஆன லாரி டிரைவர். அரை மணிக்கு ஒரு தரம் மணியை அழுத்துவார்.

"தண்ணி வேணுமாய்யா?"

"வேணாம் சிஸ்டர்."

"வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்ப எதுக்கு மணி அடிச்சீங்க?"

"வந்தீங்கல்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு திட்டிப் பார்த்தோம். இன்னும் அதிகமாக அடித்தார். அவருக்குத் திட்டும் ஒரு பேச்சுத்தான். பிறகு அவர் மணி அடிப்பதற்கு முன்னாலேயே, மணிக்கொரு தரம் நானாகப் போய் இரண்டு நிமிடம் கட்டிலோரம் உட்கார ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் மணிச்சத்தம் நின்றுவிட்டது.

ஆகவே இதைச் செய்யுங்கள். கடிக்கும்போது போகாதீர்கள், கத்தாதீர்கள், திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். எட்டரைக்கும், பத்தே முக்காலுக்கும், இரண்டே முக்காலுக்கும், அது அமைதியாக இருக்கும்போதே போய் உட்காருங்கள். கொத்தமல்லியை அப்போது கொடுங்கள். காய்ந்த புல்லைப் பெட்டியின் ஒரு பக்கத்திலேயே குவித்து வையுங்கள். உட்கார்ந்த இடத்தில் மெல்ல ஏதாவது இருந்தால் பெட்டியின் ஓரம் வாய்க்கு வராது. முதல் நாலு நாள் முன்னைவிடப் பலமாகக் கடிக்கும். அந்த நாலு நாள் நீங்கள் தாங்க வேண்டும். முயல் தாங்கிவிடும், எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை.

சிஸ்டர் பாட்டி


மார்ச் 5

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பெரியவன் பள்ளி சதுரங்க அணியில் சேர்ந்திருக்கிறான். சின்னவள் இப்போது மல்லாந்தும் நீந்துகிறாள்.

நீங்கள் சொன்னபடி செய்துவருகிறேன். முதல் நாலு நாள் நான் பட்ட பாடு! அவர் உள்ளே கரகரவென்று கடிக்க, நான் முன்னறையில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது குறைந்திருக்கிறது. ஆனாலும் முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அவ்வப்போது கடிக்கிறார். சார்ட் இத்துடன் இருக்கிறது. அங்கே குழந்தைக்குப் பரீட்சை நேரம் வேறு. அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டே முக்காலுக்குப் பட்டாணி உரிக்க எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுகிறேன். துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். மேனேஜர் வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொள்கிறார். அப்படியே கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார். பேப்பரைச் சத்தமாகப் படித்தால் காதைத் திருப்புகிறார். விளையாட்டுப் பக்கம் அவருக்குப் பிடிக்காது, வானிலை பிடிக்கும். காலை அசைக்க முடியாமல் மரத்துப்போகிறது. நாலு மணிக்குப் பேரப்பிள்ளைகள் வந்து கதவைத் தட்டும்போதுதான் மணி நாலாயிற்றா என்று இருக்கிறது. முன்பெல்லாம் நாலு மணி வர எவ்வளவு நேரமாகும்!

தையல் பாட்டி


மார்ச் 13

சம்பந்தியம்மாவுக்கு,

சார்ட்டைப் பார்த்தேன். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சு. கேரட் கறை இல்லை, பல் தடம் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டு, விடிந்ததும் ஆறு தடவை எடுக்க வேண்டிய காய்ச்சல் அளவை மொத்தமாக உட்கார்ந்து எழுதிய நர்ஸ்களை முப்பத்து நான்கு வருடம் மேய்த்தவள் நான்.

ஐந்து தடவை கடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து தடவையும் பின்னால் நடந்தது "நான் போகவில்லை." கடித்தும் இருக்கலாம், நீங்கள் போகாமலும் இருக்கலாம். ஐந்துக்கு ஐந்தும் அப்படி என்றால் நான் நம்ப மாட்டேன். ஒரு தடவையாவது போயிருப்பீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. பட்டாணி உரிப்பதைப் பற்றி எழுதியிருந்த பகுதியை இரண்டு தரம் படித்தேன். இங்கேயும் காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை நான் மட்டும்தான். ரேடியோவைப் போடுவேன், அணைப்பேன். அது எப்படி இருக்கும் என்று நீங்கள் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

நேற்று பரீட்சை முடிந்தது. சிட்டு வந்து கேட்டாள்.

"சிஸ்டர் பாட்டி, மேனேஜர் என்னை மறந்திருப்பாரா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? தையல் பாட்டியைக் கேட்டுச் சொல்றேன்."

"கேட்டுச் சொல்லுங்க. மறந்திருந்தா பரவாயில்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

அவளுக்கு என்ன சொல்லட்டும்? நீங்கள் எதை எழுதுகிறீர்களோ அதையே சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், அவளையும் கேட்க விட மாட்டேன்.

சிஸ்டர் பாட்டி


மார்ச் 17

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பிப்ரவரி இருபத்தேழாம் தேதிக்குப் பிறகு மேனேஜர் பெட்டியில் பல் வைக்கவில்லை. இன்றோடு பதினெட்டு நாள். நீங்கள் கேட்டது பதினான்குதான்.

பொய் சார்ட்டை மார்ச் நாலாம் தேதி மத்தியானம் எழுதினேன். எழுதும்போது அவர் என் காலடியில்தான் இருந்தார். குழந்தையின் பொருளை வைத்துக்கொள்ள நினைத்தேன். அதுவும் பரீட்சை எழுதும் குழந்தை. இதை வேறு மாதிரி அழகாக எழுத முயற்சி செய்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

மறந்திருக்க மாட்டார் என்று அவளிடம் சொல்லுங்கள். சும்மா சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் குரல் கேட்டதும், எங்கே இருந்தாலும் பின்னங்காலில் எழுந்து நிற்கிறார். நான் கூப்பிட்டால் நிற்பதில்லை. இதை இத்தனை நாள் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை முதல் வண்டியில் நானே கொண்டு வருகிறேன். என் மகன் கூட வருவான். தங்கச் சொல்லாதீர்கள். தங்கினால் கூண்டோடு திரும்பிவிடுவேன்.

கொத்தமல்லியைத் தண்டோடு கொடுங்கள். இடது காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும், வலது காதைத் தொட்டால் போய்விடுவார். விளையாட்டுப் பக்கம் படிக்க வேண்டாம்.

தையல் பாட்டி


ஏப்ரல் 4

சம்பந்தியம்மாவுக்கு,

இரண்டு வாரச் சார்ட் இத்துடன் இருக்கிறது. பாதி சிட்டு எழுதியது. அவள் புழுக்கைக்குப் படமும் போட்டிருக்கிறாள், அதை மன்னியுங்கள்.

மின்வயர்களை எல்லாம் சுவரோடு மேலே ஏற்றிவிட்டேன். கதவுக்கு முன்னால் ஒரு கட்டைப் பலகையைச் சாத்தி வைத்தேன். மேனேஜர் இரண்டு நாள் அதை ஆராய்ந்துவிட்டுப் பலகையைக் கடித்தார். கதவைத் தொடவில்லை.

உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். வந்த மூன்றாம் நாள், மதியம் மூன்று மணிக்குப் பெட்டியைக் கடித்தார். இரண்டே முக்காலுக்குப் போயிருக்க வேண்டியவள், பேப்பரில் மூழ்கிவிட்டேன். போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கே பாடம் எடுத்தவள். நாற்பது வரை எண்ணினேன். நாற்பத்தொன்றில் எழுந்துவிட்டேன். திட்டவில்லை, அந்த வகையில் நான் தேவலை. கொத்தமல்லி கொடுத்தேன். சார்ட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு நேரம் தவறவில்லை, அவரும் கடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணியில் கிளம்பினீர்கள். சிட்டு கூண்டைத் திறந்தாள். அவர் அவள் மடியில் ஏறி, சட்டைப் பொத்தானை மோந்து, அங்கேயே அமர்ந்துவிட்டார். அவள் அழவில்லை, சிரிக்கவில்லை, மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் செருப்பை மாட்டும்போது அவர் இறங்கி உங்கள் பக்கம் பாதி தூரம் வந்து நின்றார். நீங்கள் பார்க்காத மாதிரி படி இறங்கினீர்கள். நான் பார்த்தேன். அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பள்ளி லீவு மே மாதம் தொடங்குகிறது. அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன். இந்த முறை தங்கத்தான் சொல்வேன்.

சிஸ்டர் பாட்டி


ஏப்ரல் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பெரியவன் சதுரங்கத்தில் மாவட்ட அளவில் மூன்றாமிடம். முதல் இரண்டு பேரும் கண்ணாடி போட்ட பிள்ளைகள், எப்போதும் அதே வேலையாக இருப்பார்கள். சின்னவளுக்கு நீச்சலில் முதலிடம், எழுதவே வேண்டாம் என்று பார்த்தேன், எழுதிவிட்டேன். என் தங்கை பேரனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சிட்டு பரீட்சையில் வாங்கியதை நீங்கள் எழுதவே இல்லை, என் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட மதிப்பெண்ணைச் சொல்லாமல் புழுக்கையைப் பற்றி எழுதுகிறீர்களே, உங்களை என்னதான் செய்வது!

நாற்பத்தொன்று வரை தாங்கியது பெரிய விஷயம். நான் முதல் நாளில் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். விலங்கு டாக்டர் பெண்ணின் மேல்கோட்டில் பொத்தான் துளை பிரிந்திருந்ததை அன்றே கவனித்தேன். போய் வாங்கிவந்து தைத்துக் கொடுத்தேன். இப்போது அங்கே இருக்கிற எல்லாருடைய கோட்டும் என்னிடம் வருகிறது. வாரத்தில் மூன்று மத்தியானம் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தைக்கிறேன். பூனை, நாய், ஒரு நாள் ஆமைகூட வந்தது. அவற்றைக் கொண்டுவருகிறவர்கள் காத்திருக்கும்போது என்னிடம் பேசுகிறார்கள். துணியைத் தின்னுமா என்று யாராவது கேட்டால் அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது.

மற்ற நாட்களில் மூன்று மணிக்குக் கை தானாகக் கொத்தமல்லியை ஆய்ந்துவிடுகிறது. "அத்தை, யாருக்கு இவ்வளவு?" என்று மருமகள் நேற்றுக் கேட்டாள். "நமக்குத்தான்" என்றேன். அவள் அதைச் சமையலில் எல்லாவற்றிலும் போட்டுவிட்டாள்.

மே மாதம் வருகிறேன். பத்து நாள் தங்குகிறேன், திரும்பும்போது கூண்டைத் தொட மாட்டேன்.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். என் மகன் போனில் நீங்கள் அனுப்பிய படத்தைக் காட்டினான். என் விரல் பட்டதும் அது எங்கோ ஓடிவிட்டது, இன்னொருவர் கல்யாணம் வந்து நிற்கிறது. என்னிடம் கையில் இருக்கும் ஒரே படத்தில் மேனேஜர் சிட்டுவின் உள்ளங்கையில் அடங்குகிற குட்டி, சிட்டுவுக்கு முன்பல் இல்லை. அதைக் காட்டி, பெட்டியைக் கடித்தவர் இவர்தான் என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். புதிதாக ஒன்று எடுங்கள். சிட்டு, மேனேஜர், நீங்கள், மூன்று பேரும் இருக்க வேண்டும். என் மகளை எடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே நில்லுங்கள், ஓரமாக ஒதுங்க வேண்டாம். படத்தைக் கடையில் கழுவி, கெட்டி அட்டை வைத்து, தபாலில் அனுப்புங்கள்.

தையல் பாட்டி